மைக் மாற்றிய வாரம்

நாற்பத்திரண்டாவது பகுதியில் என்னுடைய முதல் வசனம் "நான் ஜனா" என்பது. அதை முப்பத்தாறு தடவை பதிவு செய்துவிட்டேன். ஒன்றும் சரிவரவில்லை.

என் மனைவி உஷாந்தியின் வசனங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. தன்னுடைய பாதியை அவள் ஒரு செவ்வாய்க்கிழமை சொல்லி முடித்தாள். "உடம்பு குத்துது, நாளைக்கு நீர் உம்மட பாதியைச் சொல்லும்" என்றுவிட்டுப் படுத்தாள். வியாழக்கிழமை டெங்கு என்றார்கள். அடுத்த திங்கட்கிழமை அவள் இல்லை. இது நடந்து ஐந்து மாதம்.

நாங்கள் மூன்று வருடமாக ஒரு பொட்காஸ்ட் செய்துவந்தோம். பெயர் 'அடுத்த கோச்சிக்கு முன்'. கோச்சி என்றால் ரயில். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கும் ரயில் பாதைக்கும் இடையில் இரண்டு கட்டடங்கள்தான். ரயில் போனால் யன்னல் கண்ணாடி நடுங்கும். ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில் கிடைக்கும் நேரத்தில்தான் பதிவு செய்யலாம். அதுவே பெயராகிவிட்டது. வாடகை வீடு, அலுவலகம், கலியாண வீட்டுச் சாப்பாடு, எதைப் பற்றியும் கதைப்போம். கேட்பவர்கள் எண்ணூறு பேர் இருக்கும். பாதிப் பேர் கனடாவில்.

ஒலிப்பதிவு செய்வதற்கென்று தனி அறை கிடையாது. அவளுடைய அலுமாரியின் கதவுகள் இரண்டையும் திறந்து, கீழ்த்தட்டில் மைக்கை வைத்து, முழங்காலில் இருந்து, தலையை உள்ளே விட்டுக்கொண்டு பேச வேண்டும். ஒருவருக்குத்தான் இடம். அதனால் முதலில் அவள் தன் பாதியைச் சொல்வாள். நான் பதில் சொல்ல வேண்டிய இடங்களில் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். பிறகு நான் ஹெட்போனில் அவளைக் கேட்டுக்கொண்டு, அந்த இடைவெளிகளில் என் பாதியைச் சொல்வேன். இரண்டையும் சேர்த்து வைத்தால் எதிரெதிரே இருந்து கதைத்ததுபோல் இருக்கும். நாற்பத்தொரு பகுதிகளிலும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

இந்தப் பகுதியும் அப்படி இருக்க வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அவளும் நானும் ஒரே அறையில் இருந்து கதைத்ததுபோல் கடைசியாக ஒன்று.

ஆனால் "வணக்கம், நான் உஷாந்தி" என்று அவள் சொல்லும்போது குரல் காதுக்குள் இருந்தது. நான்கு விநாடி கழித்து "நான் ஜனா" என்று நான் சொல்லும்போது ஒரு வெறும் கலியாண மண்டபத்தில் இருந்து வந்தது. முப்பத்தாறு தடவையும் அப்படித்தான். அந்த இரண்டு சொல்லைத் தாண்டி நான் போகவில்லை. அவளுடைய மிச்சப் பாதியைக் கேட்கவும் இல்லை. முதல் வசனம் சரிவந்த பிறகு கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

அந்தப் பகுதியின் விஷயமே இதுதான். கேட்பவர் ஒருவர் கனடாவில் இருந்து எழுதியிருந்தார், பொட்காஸ்ட் செய்பவர்கள் மைக்கையும் மற்றச் சாமான்களையும் எப்போது மாற்ற வேண்டும் என்று. நான் இப்போதே மாற்ற வேண்டும் என்று வாதாட வேண்டும். உஷாந்தி இன்னும் காலம் இருக்கிறது என்று வாதாட வேண்டும். வீட்டிலும் எங்களுக்குள் அதே வாதம்தான் இரண்டு வருடமாக நடந்தது.

எங்கள் மைக்கின் வலைமூடியில் பச்சையாகத் துரு பிடித்திருந்தது. வயரை மருந்துப் பிளாஸ்டர் சுற்றி ஒட்டியிருந்தோம். அதைத் தூக்கிக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். இன்ஸாப் அங்கே ஒலிபெருக்கிக் கடை ஒன்றில் வேலை செய்கிறான். என்னோடு கம்பஸில் படித்தவன். இந்த மைக்கையும் அவன்தான் எடுத்துத் தந்தான்.

"இத இன்னம் வெச்சிக்கொண்டா ஈக்கிறாய்?" என்றான். "மியூசியத்துக்குக் குடு மச்சான். டிக்கட் போட்டுக் காட்டுவாங்க."

"எதிரொலி வருது. வெறும் மண்டபத்தில நிண்டு கதைக்கிற மாதிரி."

"வரத்தானே செய்யும். கடக்காத்து. வெள்ளவத்தையில ஃபிரிட்ஜே நாலு வருஷம் நிக்காது. இது மூணு வருஷம் நிண்டிரிச்சி, சந்தோசப்படு."

"முந்தி நல்லா இருந்தது."

"எல்லாம் முந்தி நல்லாத்தான் மச்சான் இருந்த." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து மேசை லாச்சியை இழுத்தான். அதற்குள் ஒன்றும் இல்லை. மறுபடி மூடினான்.

பிறகு ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். பெரிய மைக். அதைக் கணினியோடு சேர்க்க இன்னொரு சின்னப் பெட்டி. வானொலி நிலையத்தில் வைத்திருக்கிற சாதி என்றான்.

"ஏழு நாள். பெட்டியக் கிழிக்காம வெச்சிக்க. சரிவரல்லண்டா கொண்டு வா, திருப்பிப் பாரமெடுக்கிறேன். எட்டாம் நாள் வந்தாயெண்டா எங்கட பெரியவர் என்னத்தான் ஷோகேஸ்ல ஏத்துவார்."

"சனிக்கிழமை ஏழாம் நாள்."

"சனிக்கிழம ஆறு மணிக்குப் பூட்டுவோம். உஷாந்தி தங்கச்சி இருந்தா இத வாங்கவே உட மாட்டா, தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

புது மைக் பழையதைவிட நன்றாகக் கேட்டது. கரைச்சலும் அதுதான். மேல்மாடியில் கதிரை இழுத்ததைக் கேட்டது. குசினியில் ஃபிரிட்ஜ் உறுமியதைக் கேட்டது. என் குரல் மண்டபத்தில் இருந்து கிணற்றுக்குள் போய்விட்டது. அலுமாரியும் பழைய அலுமாரி. மைக் வைக்கிற இடத்தை அவள் பேனையால் வட்டம் போட்டு வைத்திருந்தாள், அதிலும் பிசகில்லை. நான் எப்போதும்போல் கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினேன். அந்த அலுமாரிக்குள் கண்ணைத் திறப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை இன்ஸாப்புக்குப் போன் எடுத்தேன்.

"கூடிட்டுது."

"எது?"

"எதிரொலி."

"அப்ப ஒனக்கு அதுக்கும் மேல ஒண்டு ஈக்கு மச்சான், அதத் தாரேன்."

"அதுக்கும் மேல?"

"அதுக்கும் மேலயும் ஈக்கு. மேல ஏறிக்கொண்டே போலாம். ஆனா நீ எங்க நிப்பாய் எண்டு எனக்கு வெளங்குது இல்ல."

எனக்கும் விளங்கவில்லை.

புதன்கிழமை வேலைக்குப் போய்வந்து அலுமாரிக்கு முன்னால் இருந்தேன். கதவின் உட்பக்கத்தில் அவள் ரயில் நேரங்களை எழுதி ஒட்டிய தாள் இருந்தது. ஆறு பன்னிரண்டு என்பதற்குப் பக்கத்தில் 'நம்ப வேண்டாம்' என்று எழுதியிருந்தாள். அன்றும் அது ஆறரைக்குத்தான் போனது. அது போன பிறகு "நான் ஜனா" என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியை விட்டுவிட்டு அவள் பாதியை மேலே ஓடவிட்டேன். வேறு செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அவள் கதைத்துக்கொண்டு போனாள். இடையிடையே எனக்காகச் சும்மா இருந்தாள். ஆறாவது நிமிடத்தில் சொன்னாள்:

"ஜனா ஒவ்வொரு கிழமையும் புது மைக், புது மைக் எண்டு நிக்கிறார். நான் சொல்றன், மைக் மாத்திறதுக்கு முதல் அறையில நிண்டு ஒருக்காக் கையைத் தட்டிப் பாருங்கோ. சத்தம் உடன செத்தால் அறை நல்லம். இழுத்துக்கொண்டு போனால் பிழை அறையில. மைக்கில இல்லை. எங்கட அறை என்ன தெரியுமே? என்ர சாறியள். நாப்பத்தேழு சாறி தொங்குது. சத்தத்தை எல்லாம் அதுதான் குடிக்குது. ஜனா இதுக்குள்ள தலையை விட்டுக்கொண்டு மூண்டு வருசமாக் கதைக்கிறார், ஒருநாளும் அண்ணாந்து பாத்ததில்லை. இப்ப கேளுங்கோ."

கையைத் தட்டினாள். டப். அதோடு முடிந்தது.

"இனி நீர் சொல்லும். நீர் இழுத்து இழுத்துக் கதைப்பீர், அதால பன்னிரண்டு செக்கன் விடுறன்."

பன்னிரண்டு விநாடியும் போனது. நிறுத்தினேன். ஹெட்போனைக் கழற்றினேன். கண்ணைத் திறந்துகொண்டு அலுமாரிக்குள் கையைத் தட்டினேன்.

சத்தம் பலகையில் பட்டுத் திரும்பி வந்தது. கம்பி ஹாங்கர்கள் மெல்ல ஆடின. வெறும் ஹாங்கர்கள். ஓரத்தில் என்னுடைய சேர்ட் நாலு.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் மாமி வந்தார். உஷாந்தியின் அம்மா. இறந்தவரின் உடுப்பு அதற்குமேல் வீட்டில் இருக்கக் கூடாது என்றார். முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கொடுக்கலாம் என்றார். எல்லாவற்றையும் கொண்டுபோங்கோ என்று சொன்னேன். மூன்று சூட்கேஸ். மூன்றையும் நான்தான் மாடியால் இறக்கித் திரீவீலரில் ஏற்றினேன். அது என் நினைவில் இருந்தது. ஆனால் மைக்கோடு சேர்த்து நினைக்கவில்லை.

கட்டில் விரிப்புகள் இரண்டையும் துவாய்கள் மூன்றையும் தொங்கவிட்டுத் தட்டிப் பார்த்தேன். யன்னல் திரையையும் கழற்றித் தொங்கவிட்டேன். கொஞ்சம் குறைந்தது. உஷாந்தியின் தட்டல்போல் சாகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் திருப்பித் தட்டினார்.

மாமிக்குப் போன் எடுத்தேன். அவர் கொட்டாஞ்சேனையில் தனியாக இருக்கிறார். மாமா இறந்து பன்னிரண்டு வருடம்.

"மாமி, அந்தச் சாறியள் குடுத்திட்டீங்களே?"

"ஏன் தம்பி?"

"ஒரு நாளைக்கு வேணும்."

"சாறி உங்களுக்கு என்னத்துக்கு?"

"எதிரொலி வருது மாமி."

"என்னது?"

"எதிரொலி. சாறி இருந்தால் வராது."

பிறகு, "தம்பி, ராவைக்குச் சாப்பிட்டீங்களே?" என்று மிக மெதுவாகக் கேட்டார்.

சாப்பிட்டேன் என்றேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்று விளக்கப் பத்து நிமிடம் எடுத்தது. பாதிதான் நம்பினார்.

"குடுக்கத்தான் கொண்டுவந்தனான்" என்றார். "குடுக்கேல்லை. என்ர அலுமாரியில கிடக்குது. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ, இவ்வளவு சாத்திரம் கதைச்சுப்போட்டு."

"வந்து எடுக்கட்டே?"

"ஐயோ, கூடாது. போன உடுப்புத் திரும்பி அந்த வீட்டு வாசல்படி ஏறக் கூடாது. எனக்கு ஒண்டும் இல்லை, நான் கிழவி. நீங்கள் இனி வாழ வேண்டிய பிள்ளை."

"அப்ப நான் மைக்கைக் கொண்டு அங்க வாறன்."

"வாங்கோவன். அந்த ரேடியோ விளையாட்டுத்தானே? சனிக்கிழமை வாங்கோ, மீன் எடுத்து வைக்கிறன்."

சனிக்கிழமை கணினியோடு இரண்டு மைக்கையும் கொண்டு போனேன். மாமியின் அலுமாரியில் இரண்டையும் வைத்துப் பார்ப்பது. பழையதில் பிழை இல்லை என்றால் புதியதை ஆறு மணிக்கு முன் இன்ஸாப்பிடம் திருப்பிக் கொடுப்பது. கொட்டாஞ்சேனையில் இருந்து புறக்கோட்டை பத்து நிமிடம். இப்படி ஒரு திட்டம் போட்டது ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தடவை.

திரீவீலர்க்காரர் மைக்கின் தண்டைப் பார்த்துவிட்டு, "மீட்டிங் எகக்த மல்லி?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்பதற்கு ஒவ் என்றேன். கூட்டம் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

போனவுடன் பதிவு செய்ய மாமி விடவில்லை. அறக்குளா மீன் குழம்பு வைத்திருந்தார். நான் சாப்பிடும்வரை எதிரே இருந்து பார்த்தார். சாப்பிட்டு முடிய, பக்கத்து வீட்டில் கொங்கிரீட் உடைக்கத் தொடங்கினார்கள். நாலரைவரை உடைத்தார்கள். மாமி இரண்டு தடவை மதிலடிக்குப் போய்ச் சத்தம் போட்டார். மூன்றாம் தடவை அவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார். அப்போதுதான் நின்றது.

மாமி தன் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் அலுமாரியைத் திறந்தார். மாமியின் சாறிகள் ஒரு ஓரமாக நெருக்கப்பட்டுக் கிடந்தன. மற்றதெல்லாம் உஷாந்தியுடையவை. பூச்சி உருண்டை மணத்தது. அண்ணாந்து எண்ணினேன். நாற்பத்தேழு இருந்தது.

கையைத் தட்டினேன். டப். அங்கேயே செத்தது.

"ஏன் தம்பி கை தட்டுறீங்கள்?"

"சத்தம் பாக்க."

"பாத்தாச்சோ?"

"ஓம் மாமி."

"சரி. நான் குசினிக்குள்ள நிக்கிறன்."

கீழ்த்தட்டில் பழைய மைக்கை வைத்தேன். ஹெட்போனைப் போட்டேன். "வணக்கம், நான் உஷாந்தி" என்றாள். நான்கு விநாடி. "நான் ஜனா" என்றேன். நிறுத்தி, இரண்டையும் சேர்த்துக் கேட்டேன்.

அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

மூன்று தடவை கேட்டேன். மைக்கில் பிழை இல்லை. கடற்காற்றும் ஒன்றும் செய்யவில்லை. புதிய மைக்கைப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கட்டிலில் வைத்தேன். ஐந்து மணி ஆகியிருந்தது. அவளுடைய பாதி எழுபத்தெட்டு நிமிடம். கொஞ்சம் செய்துவிட்டு ஐந்தரைக்குப் போகலாம். மிச்சத்துக்கு நாளைக்கு வரலாம்.

பதிவை ஓடவிட்டேன். அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன். வாதாட வேண்டிய பக்கம் எனக்குத் தெரியும்.

"அது உம்மட நியாயம்" என்றேன்.

"இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றேன்.

"சரி, தட்டிப் பாத்தன். நீர் சொன்னது சரி" என்றேன். அது முன்பு யோசித்து வைத்த பதில் அல்ல. பன்னிரண்டு விநாடியில் மூன்றுதான் முடிந்தது. மிச்ச ஒன்பதிலும் அண்ணாந்து சாறிகளைப் பார்த்தேன்.

திரும்பிப் பார்த்தேன். மாமி தேத்தண்ணிக் கோப்பையோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதில் இருந்து தள்ளினேன்.

"ஆரோட தம்பி கதைக்கிறீங்கள்?"

பொட்காஸ்ட் என்று சொல்லியிருக்கலாம். "உஷாவோட" என்றேன்.

மாமி கோப்பையை மேசையில் வைத்தார். "என்ன சொல்றா?"

ஐந்து மாதத்தில் மாமி அவளுடைய குரலைக் கேட்கவில்லை. போனில் இருந்த குரல் செய்திகளைப் போட்டுக்காட்டவா என்று கேட்டபோது எழுந்து போய்விட்டார். அதனால் நான் ஹெட்போனை நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். மாமியே கையைச் சாறித் தலைப்பில் துடைத்துவிட்டு வந்து கட்டிலில் இருந்தார். தலையைக் குனிந்தார். போட்டுவிட்டேன்.

அந்தப் பன்னிரண்டு விநாடிக்குப் பிறகு இருப்பதை நான் கேட்டதில்லை. அதை முதலில் கேட்டது மாமி.

தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, முன்னால் யாரோ இருக்கிறதுபோல், "தெரியும் பிள்ளை" என்றார். "அந்த நீலச் சாறியும் நீதான் எடுத்தனி எண்டு தெரியும். தேடுற மாதிரி நடிச்சனான்."

சாறியைப் பற்றி உஷாந்தி என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள். அந்த இடத்தில் நான் பதில் சொல்ல வேண்டும். மாமி சொல்லிவிட்டார்.

கணினித் திரையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பதிவை நான் நிறுத்தவில்லை. மைக் மாமியின் முழங்காலுக்கு நேரே இருந்தது. நிறுத்துவதென்றால் மாமியின் மடிக்கு மேலால் கையை நீட்ட வேண்டும். நீட்டவில்லை.

"ம்" என்றார். "ஓம்" என்றார். "அது உன்ர கொப்பரின்ர குணம்" என்றார். ஒவ்வொரு தடவையும் அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்து, அவள் சும்மா இருக்கும்போது சொன்னார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு இடத்தில் அவள் சொன்ன எதையோ மிக நீளமாகக் காது கொடுத்துக் கேட்டார். பதில் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். மைக்குக்குத் தலை ஆட்டுவது கேட்காது. உஷாந்தி இருந்தால், சத்தமாச் சொல்லுங்கோ அம்மா என்பாள்.

முன்பு மாமிக்கு என் பாதி மட்டும் கேட்டது. இப்போது எனக்கு மாமியின் பாதி மட்டும் கேட்டது.

ஐந்தரை ஆனது. ஐந்தே முக்கால் ஆனது. ஹெட்போன் ஒன்றுதான். போக வேண்டும் மாமி, கழற்றுங்கோ என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். சொன்னால் அதுவும் பதிவாகும் என்று நினைத்தேன். மூடினேன்.

போன் கட்டிலில் அதிர்ந்தது. இன்ஸாப். "மச்சான் பூட்டப் போறேன். வாறியா, வெச்சிக்கிறியா?"

வைத்திருக்கிறேன் என்று எழுதவும் முடியவில்லை. வருகிறேன் என்று எழுதவும் முடியவில்லை. அந்த மைக் எனக்குத் தேவையில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மாதத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே விஷயம். பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

தெரு முனையில் இருக்கும் தேவாலயத்தில் ஆறு மணி அடித்தது. அதுவும் பதிவாகியிருக்கும்.

மாமி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நெற்றி சுருங்கியது. ஏதோ விளங்காததைக் கேட்கிற முகம். நீண்ட கேள்வியாக இருக்க வேண்டும். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அவளுக்குச் சொன்னார்:

"எனக்கு உது தெரியாது பிள்ளை. தம்பியிட்டைக் கேள். இஞ்சைதான் இருக்கிறார்."